பேயாண்டி வண்டியிலிருந்து வந்த துண்டு

கோச்சடை,
புதன்கிழமை காலை

அன்புள்ள ரோகிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காலுக்கு உறை போட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். வைகையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், ஜன்னல் வரை ஈரக்காற்று வருகிறது. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோ புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி வருடக்கணக்கில் எவ்வளவு சக்தி இழக்கும் என்று பார்க்க, அதை உலையில் வைத்து நான்கே நாளில் வயதாக்குகிறேன் என்றாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. கண்ணை மூடினால் உன் உலைக்குள் அவனியாபுரம் பேயாண்டியின் ஷேர் ஆட்டோ ஓடுகிறது, ஒரு மூச்சில் ஒரு பொங்கல் போகிறது, அடுத்த மூச்சில் மழை, ஏறிய பிள்ளைகள் பெரியவர்களாக இறங்குகிறார்கள். நிஜமாகவே ரோட்டில் ஓடி வயதான வினையூக்கித் துண்டு ஒன்று ஒப்பிட வேண்டும் என்று நீ கேட்டதால்தான் அவரிடம் போனேன். எட்டு வருடம் ஓடியதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துலயே கெடக்கேன், நான் இன்னும் பிளேன் ஏறலக்கா. இம்புட்டுக் கரி குடிச்ச பய, இவன் ஏறப் போறான்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீ, "ரோட்டுல ஓடினதுல என்ஜின் ஆயிலும் படிஞ்சிருக்கும், இன்னும் மோசமா இருக்கும்னு நெனச்சேம்மா, உலையில வச்சதும் அதுவும் ஒண்ணு போல வந்துருச்சு, வயசாக்க சூடு மட்டும் போதும்னு எழுதிறப் போறேன்" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன். அந்தத் துண்டை நான் கழுவித்தான் அனுப்பினேன் ரோகிணி. அத்தனை கரியோடு உன் கைக்கு வர வேண்டாம் என்று பட்டது, பித்தளை விளக்கு போலப் புளியில் போட்டேன். ஒரு கைப்பிடி புளி, அரை வாளி வெந்நீர், இரண்டு நாள் ஊறியது, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றினேன், பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி மாடியில் காயவைத்தேன். ஊறிய தண்ணீர் சாம்பல் நிறமாக இருந்தது. ஆயில் படிந்ததெல்லாம் அதில்தான் போயிருக்கும், அதனால்தான் உனக்கு இரண்டும் ஒன்று போல வந்திருக்கிறது. முப்பது வருடம் பத்திரிகையில் எழுதியவளுக்குப் பார்சலில் ஒரு வரி எழுதி ஒட்டத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும், இரண்டு வருட வேலை, இதைப் படித்தால் அழுவாய். புள்ள பட்டம் வாங்கட்டும், பெறகு சொல்லிக்கிருவோமே என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. நேற்றே பேயாண்டியிடம் போனேன். அவர் மச்சினன் வண்டியில் ஏழு வருடத்துத் துண்டு இருக்கிறதாம். "நீங்க தொடக் கூடாதுக்கா, பொட்டலத்த நானே கட்டுறேன்" என்கிறார். அது வந்து சேரும்வரை இரண்டும் ஒன்று என்று எழுதாதே, கூடுதல் நாள் கேட்டு வாங்கிக்கொள்.

மீனாட்சி உனக்குத் துணையிருப்பாள், மனசைத் தளரவிடாதே. யார் கழுவியது என்று அங்கே கேட்பார்கள். என் பெயரைப் போடு.

உன் அம்மா,
மு. கனகலட்சுமி