நான்கு நிமிடத்தில் நடந்தவர்கள்

மார்ச் 11, செவ்வாய்

கடைசியில் கிடைத்துவிட்டது, ரிசார்ட் முதலாளி சண்முகராஜ் கேட்ட சூரிய உதயம். "ஆளே இல்லாம அமைதியா இருக்கணும் செல்வின்" என்றிருந்தார். பூம்பாறைச் சரிவில் முக்காலியை வைத்து, போகஸ் பார்த்த பிறகுதான் என்.டி. பில்ட்டரை மாட்டினேன். மாட்டிவிட்டால் அந்தக் கருப்புக் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாது. 6.14 முதல் 6.18 வரை, நான்கு நிமிடம், ஷட்டர் திறந்தே இருந்தது. நடுவில் பூண்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் குறுக்கே நடந்தார்கள். படத்தில் ஒருவர்கூட இல்லை! நகர்கிறவர்கள் இதில் பதியமாட்டார்கள். பாதை துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. எனக்கே கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 13

இந்த வருடம் முழுக்க ரிசார்ட் வேலை எனக்கே.

மார்ச் 18, செவ்வாய்

அன்று குறுக்கே நடந்தவர்களில் ஒருவரான சின்னத்தாயி அக்கா வீடு தேடி வந்துவிட்டார். பாதையை மறித்து ரிசார்ட் கம்பி வேலி போட்டிருக்கிறதாம். அங்கே யாரும் நடப்பதே இல்லை என்று தாசில்தாரிடம் மனு. அதற்குச் சாட்சி என் படம்!

"அன்னைக்கு வெள்ளனே ஒங்களப் பாத்தோம்ல தம்பி? படத்த மறைக்கக் கூடாதுன்னுதான் நிக்காம வெரசாப் போனோம்."

நின்றிருந்தால் பதிந்திருப்பார்கள் — இதை எப்படிச் சொல்வது? பூண்டு பிடுங்குகிற நேரம். மழை விழுந்தால் அத்தனையும் மண்ணிலேயே அழுகிவிடும். விசாரணை வெள்ளிக்கிழமை.

மார்ச் 19

சண்முகராஜ் போன். "படம் எடுக்கிறது ஒங்க சோலி. மத்தது எங்க சோலி. வெள்ளிக்கிழமை நீங்க வர வேணாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"போகலன்னா நாளைக்கு அந்தப் பக்கம் எப்பிடிங்க போவீங்க?" என்றாள் என் மனைவி ஆக்ஸிலியா. அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள், பாவம். வருடம் முழுக்க வேலை... போகத்தான் வேண்டுமா?

மார்ச் 21, வெள்ளி

போனேன்.

தாசில்தார் நம்பவில்லை. "நடந்த ஆளு படத்துல இல்லாம எங்க போவான்? கத விடுறீங்களா?"

ஆபீஸ் வராந்தாவில் முக்காலியை வைத்து, பில்ட்டரை மாட்டி, "ஒரு நிமிஷம் நிக்காம அங்கிட்டும் இங்கிட்டும் நடங்க சார்" என்றேன். நடந்தார். படத்தில் வராந்தா, பெஞ்சு, தண்ணீர்க் கேன். அவர் இல்லை. இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தார். சண்முகராஜ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி. அப்ப இதுல இல்லாதவங்க யாரு யாருன்னு எழுதிக் குடுங்க."

ஆறு வருடமாக அந்தச் சரிவில் படம் எடுக்கிறேன். அக்காவைத் தவிர ஒருவர் பெயரும் எனக்குத் தெரியவில்லை. சீ, என்ன மனிதன் நான்! வெளியே நின்ற அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மார்ச் 26

வேலியை எடுத்துவிட்டார்கள். நேற்றிலிருந்து பூண்டு மூட்டைகள் இறங்குகின்றன. ரிசார்ட் வேலை போய்விட்டது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வலிக்கிறது.

எழுதிக் கொடுத்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 11 காலை 6.14 முதல் 6.18 வரை இந்தப் பாதையில் நடந்தவர்கள்: சின்னத்தாயி, மலைச்சாமி, ராமர், நாச்சிமுத்து, முருகேஸ்வரி. முருகேஸ்வரி கையில் மூன்று மாதப் பெண் குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை.