மாதா போத்தலில் வந்த மலையாறு

என் வாயாடி அக்காவுக்கு,

பார்த்துவிட்டேன்! உன் ஆற்றை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். நேற்றுத்தான் ஐஸ்லாந்திலிருந்து ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உனக்குச் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

நினைவிருக்கிறதா? மன்னாரில் சித்தியின் மகளுடைய கலியாணத்துக்குப் போகவென்று நீ ஹீத்ரோவில் பெட்டியும் கையுமாக நின்ற நேரம், அந்த ஐஸ்லாந்து எரிமலை சாம்பலைக் கக்கி எல்லா விமானங்களையும் நிறுத்தியது. வீட்டுக்குத் திரும்பி வந்து, "எங்கையடி இருக்குது அந்தச் சனியன்?" என்று வரைபடத்தைத் திறந்தாய். அதன் அடிவாரத்தில் ஓடும் க்ரோசா ஆற்றைக் கண்டாய். அதோடு கலியாணமும் மறந்துபோயிற்று, கோபமும் மறந்துபோயிற்று.

வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் ஆறு பின்னல் அவிழ்ந்த கூந்தல்போல, கறுப்புக் கூழாங்கற்களுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து கிடந்தது. தண்ணீர் ஒரே சாம்பல் நிறம். "ஊத்தைத் தண்ணி" என்றேன். உனக்கு வந்ததே கோபம்!

"ஊத்தையில்லையடி. மேலை கிடக்கிற ஐஸ் நகர்ந்து நகர்ந்து மலையை மாவா அரைக்குது. அந்த மாவும் எரிமலைச் சாம்பலும்தான் தண்ணியோடை வருது. ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன், பார்."

காட்டுவதற்குள் உனக்கு அந்த வருத்தம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "நீயாவது அக்கரைக்குப் போய் நிண்டு பார்" என்றாய். நானும் ஓம் என்றேன்.

கிங்ஸ்பரியில் தமிழ்ப் பூசை முடிந்ததும் பயணத்தை அறிவித்தேன். எங்கள் சனத்துக்குப் பூசைக்குப் பிறகு அறிவிக்கிற பயணம் எதுவானாலும் யாத்திரைதானே? ஸ்டெல்லா அன்ரி புட்டும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு, லூர்துக்குக் கொண்டுபோகிற அந்த நீல மூடி போட்ட, மாதா உருவத்திலேயே செய்த போத்தலோடு வந்து நின்றார். தீர்த்தம் எடுக்கவாம்!

ஆற்றங்கரையில் ஆறு கடக்கவென்றே பெரிய சில்லுகள் பூட்டிய எங்கள் பஸ் நின்றுவிட்டது. அன்று நல்ல வெயில். ஐஸ் உருகி ஆறு ஏறியிருந்தது. போதாததற்கு, முந்தின நாள் பஸ்கள் கடந்த இடத்தில் இப்போது ஆழம். ஆறு தன் பாதையையே மாற்றிவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப வேண்டி வரலாம் என்றார். அக்கரை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, அக்கா! உனக்குச் சொன்ன சொல் என்னாவது?

ஸ்டெல்லா அன்ரி செபமாலையைத் தொடங்கினார். டிரைவர் கரையோடு மேலே நடந்தார். அங்கே ஆறு நாலைந்தாகப் பிரிந்து மெலிந்திருந்தது. நீ படத்தில் விரல் வைத்துக் காட்டுவாயே, அதே மாதிரி இடம். வந்து ஏறினார், பஸ்ஸை இறக்கினார். அடியில் கற்கள் உருளும் சத்தம் உள்ளங்காலில் தெரிந்தது. "அருள் நிறைந்த மரியே" இடைவெளியில்லாமல் ஓடியது. ஏறிவிட்டோம்!

அக்கரையில் நின்றேன். தலைக்கு மேலே ஐஸ் மூடிய எரிமலை, காலடியில் உன் ஆறு. "அக்கா!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்ரி குனிந்து போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, இது தீர்த்தமில்லை."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? உன்ர அக்கா ஆசைப்பட்ட தண்ணியெல்லோ. கொண்டுபோய் அவவின்ர படத்துக்குக் கிட்ட வை."

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். போத்தலில் தண்ணீர் தெளிந்திருந்தது. மாதாவின் காலடியில் சாம்பல் நிறத்தில் மாப்போல ஒரு படிவு. நீ சொன்னதுதான் சரி. ஊத்தையில்லை, மலைதான். உன்னிடம் தோற்று நான் இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. கேட்கிறதா உனக்கு?

மெதுவாகக் குலுக்கினேன். தண்ணீர் கலங்கியது, உன் படத்துக்கு முன்னால் அந்த ஆறு மறுபடியும் ஓடியது. இனி ஒவ்வொரு ஞாயிறும் குலுக்கிவிட்டுத்தான் பூசைக்குப் போவேன். நான் திரும்பி வரும்வரை நீ இருந்து ஆறு பார்.

ஊத்தைத் தண்ணி என்று சொன்ன,
உன் தங்கச்சி