சிவப்பு வயர் துண்டு

அண்ணை,

இன்று காலை ஷெட்டைத் துப்புரவாக்கும்போது, பெயிண்ட் வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு வயர் துண்டு வந்தது. விரல் தடிப்பு. கையில் எடுத்ததுமே உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டது. வெளியில் மழை. அப்படியே வாளியின்மேல் இருந்துவிட்டேன்.

அந்த வான் வண்டியை மறந்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில், லண்டன் சட்டனில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினீர்கள். உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன மேசை. கடற்கரையில் ஒரு இரவு படுத்து, அலைச் சத்தத்தில் கண் விழிக்க வேண்டும். அது ஒன்றுதான் உங்கள் ஆசை. ஆனால் இழுப்பு வருத்தம் முற்றி, மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷின் இல்லாமல் உங்களுக்கு ஒரு பொழுது போகாது. அதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். வானிலோ வெறும் பற்றரி.

"மெஷின் வானுக்குள்ள ஓடினால் போகலாம். இல்லாட்டி ஏலாது," என்றுவிட்டார் உங்கள் மனைவி, என் அக்கா.

பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் வாங்க என்னைத்தான் கூப்பிட்டீர்கள். வேறு யாரைக் கூப்பிடுவது? கொழும்புத் துறைமுகத்துக்கே வயர் இழுத்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் எத்தனை எஞ்சினியர்மார் சந்தேகம் கேட்டு வந்தார்கள்!

மோர்டனில் ஒரு கடையில் சின்னது ஒன்றைத் தூக்கிக் காட்டினீர்கள். "இது காணுமெல்லோ? மெஷினில போட்டிருக்கிற வாட்ஸும் இதுதானே."

"அண்ணை, துவங்கேக்கை இழுப்புக் கூட. பிறகுதான் அடங்கும். மூண்டு மடங்காவது வேணும்."

"நீ மெஷினைச் சொல்லுறியோ, என்னைச் சொல்லுறியோ?"

ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கடைக்காரனும் சிரித்தான். உங்கள் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்காமல், கடைக்குள் கதிரை தேட வேண்டியதாயிற்று.

பெரியதையே வாங்கினோம். முதல் நாள், முன்னாலிருந்த பற்றரியிலிருந்து கட்டிலடி வரை ஒரு மெல்லிய வயரை இழுத்தேன். மெஷினைப் போட்டதும் கரண்ட் வழியிலேயே குறைந்து, இன்வேட்டர் கீ கீ என்று கத்தி நின்றுபோயிற்று. அக்கா வாசலில் நின்று, "துறைமுகம் இப்பவும் இருட்டோ தம்பி?" என்றார்.

மறுநாள் கட்டிலடியிலேயே இன்னொரு பற்றரியை வைத்து, பக்கத்தில் இன்வேட்டரை இறுக்கி, இந்தத் தடித்த வயரைக் கட்டையாக வெட்டி, சிவப்பில் பியூஸும் போட்டுப் பூட்டினேன். லண்டனில் அப்படியொரு வேலையை எவனும் செய்திருக்கமாட்டான். மெஷின் ஓடியது. வீட்டு வாசலில் நின்ற வானுக்குள், முகமூடியோடு படுத்திருந்தீர்கள். கூரையில் மழை இரைந்தது. முகமூடியை விலக்கி, "கண்ணை மூடினால் கடல்தானடா," என்றீர்கள்.

சனிக்கிழமை பயணம். வான் சில்லுகளுக்குக் கீழே வைத்து நசிக்க அக்கா தேசிக்காயும் வாங்கிவிட்டார். வெள்ளியன்று அம்புலன்ஸ் வந்தது. அதற்குள்ளும் ஒரு மெஷின் இருந்தது. அதற்குக் கரண்ட் குறையவில்லை. உங்களுக்குத்தான் இழுக்க ஏலாமல் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று யாரோ, "பாவம், கடலைப் பாக்காமலே போயிட்டார்," என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆர் சொன்னது? நானெல்லோ கூட்டிக்கொண்டு போனனான்!"

அலை வந்து வான் சில்லை நனைத்ததையும், விடியும்வரை மெஷின் ஒரு தரமும் நிற்காமல் ஓடியதையும் விரித்துச் சொன்னேன். பிறகுதான் தேத்தண்ணித் தட்டோடு அக்கா பின்னால் நிற்பதைக் கண்டேன்.

அக்கா தட்டை மெதுவாக வைத்தார். "ஓம். அண்டைக்குச் சரியான காத்து," என்றார். "ரெண்டு போர்வை போத்தும் குளிருது எண்டவர்."

அதன் பிறகு ஒவ்வொரு திவசத்திலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். நான் ஒரு அலையைக் கூட்டுவேன். அவர் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டுவார். போன மாசியில் அவரும் போய்விட்டார்.

வயரை எறியவில்லை அண்ணை. சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்திருக்கிறேன். அந்தக் கடலுக்குப் போய்வந்தவர்களில் இப்போது நான் மட்டும்தான் மிச்சம்.