பதினாலு ஹீதர் செடிகள்

பாலட்டர்,
11 ஏப்ரல் 1987

அன்புள்ள ரோனாவுக்கு,

உன் அப்பா நலம். என் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறியிருப்பாய். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனது செடிகளுக்கு.

போன அக்டோபரில் முட்டைக்கோஸ் பாத்திக்குச் சுண்ணாம்பு தூவினேன். பாத்தி மேட்டில் இருக்கிறது. உன் அம்மா உயிரோடு இருந்தபோது வைத்த ஹீதர் செடிகள் பள்ளத்தில். மழை அத்தனையையும் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிட்டது. இப்போது பதினாலு செடியும் மஞ்சள்.

"செத்தா சாவுது, எல்ஸ்பெத். வேற வாங்கி நட்டுடலாம். ரோனாவுக்கு யாரு சொல்லப்போறா?" என்கிறார் உன் அப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. பிழைக்க வழி இருந்தால் எழுது. திட்டுவதாக இருந்தால் அதையும் அதே தாளில் எழுதிவிடு.

எல்ஸ்பெத்

ஸ்ட்ரோம்னஸ்,
18 ஏப்ரல் 1987

திருமதி எல்ஸ்பெத் அவர்களுக்கு,

அந்தச் செடிகளை அம்மா மலைச்சரிவிலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து வைத்தாள். ஹீதருக்குச் சுண்ணாம்பு விஷம் என்று ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

மேல்மண்ணைக் கையாலேயே அள்ளி எடுங்கள். வேர் மேலாகவே ஓடும், மண்வெட்டி படக்கூடாது. பைன் மரத்தடியில் மக்கிக் கிடக்கும் மண்ணைப் போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீர்தான். போன வருடப் பூ காய்ந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் கத்தரியுங்கள். கட்டை வரை வெட்டினால் பிறகு துளிர்க்காது.

ரோனா

பாலட்டர்,
23 ஆகஸ்ட் 1987

அன்புள்ள ரோனாவுக்கு,

ஒன்பது பூத்துவிட்டன! ஐந்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மன்னித்துக்கொள்.

மே மாதம் முழுக்க முழங்கால் போட்டு மண் அள்ளினேன். உன் அப்பா காட்டிலிருந்து சாக்குச் சாக்காக மண் கொண்டு வந்தார். நடுவில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. "கல்யாணம் பண்ணப்ப இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே" என்று முனகிக்கொண்டே மறுநாளும் போனார். இன்று காலை தேனீக்கள் வந்து மொய்த்ததைப் பார்த்து, "ஏய், வந்து பாருடி, விருந்தாளிங்க வந்தாச்சு!" என்று கத்தினார். அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்தது.

காலியான ஐந்து இடத்திலும் கடைச்செடி வைக்க எனக்கு விருப்பமில்லை. இருக்கிற ஒன்பதிலிருந்தே கன்று எடுக்க முடியுமா?

எல்ஸ்பெத்

ஸ்ட்ரோம்னஸ்,
2 செப்டம்பர் 1987

அன்புள்ள எல்ஸ்பெத்,

முடியும். ஓரத்துக் கிளையை வளைத்து, நடுப்பகுதியை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்கட்டும். ஒரு வருடம் தொடாதீர்கள். வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்து நடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரலிலேயே சொல்லியிருக்கலாம், கோபத்தில் மறைத்துவிட்டேன். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மாவும் இதையேதான் செய்தாள். அவள் டர்னிப் கிழங்குப் பாத்திக்குச் சுண்ணாம்பு போட்டாள். முதலில் வைத்த இருபதும் போய்விட்டன. நீங்கள் காப்பாற்றியது இரண்டாம் தடவை வைத்தவற்றை. அவளால் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு டர்னிப்பை ஒரு திட்டுத் திட்டினாளே, அந்த வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது. நேரில் சொல்கிறேன்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை கப்பலில் கடலைத் தாண்டி, பேருந்தில் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். பூ வாடுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

நேற்று அப்பா தொலைபேசியில் உளறிவிட்டார். அம்மாவின் முன்னறையை எனக்காகப் பூட்டி வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் இத்தனை நாளும் பின்பக்கத்துக் குளிர் அறையில் படுக்கிறீர்களாமே? நான் வருவதற்குள் முன்னறைக்கு மாறிவிடுங்கள். அந்த ஜன்னலிலிருந்துதான் பாத்தி முழுக்கத் தெரியும். மண் அள்ளியவர் தினமும் எழுந்ததும் அதைப் பார்க்கவேண்டும். எனக்குப் பின்னறை போதும்; இந்தத் தீவுக் காற்றில் இருந்து பழகியவள் நான்.

அன்புடன்,
ரோனா