இடுப்பளவுத் தண்ணீர்

கார்த்திகை 22, திங்கள்
விடியத் தொடங்கி மழை. மூன்று தரம் கரண்ட் போய் வந்தது. சென்னைக்காரரின் விண்வெளிப் படம். எனக்கு ஒரு ஷாட், பன்னிரண்டு செக்கன். வேற்றுக் கிரகத்தில் கடல் ஊருக்குள் ஏறுகிறது. நடிகையைப் பச்சைத் துணிக்கு முன்னால் ஓடவிட்டு எடுத்து அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் என் கணினியில்.
செய்ய: சேறு, நுரை, கூரைத் தகடு. உயரம் பார்க்கத் திரையில் ஒரு சாம்பல் நிறப் பொம்மை.
பொம்மைக்கு எல்லாரும் ஆறடி வைப்பார்கள். என் கை மூன்றரை போட்டுவிட்டது. மகள் மதுவின் உயரம். சுனாமியோடு நின்றுபோன உயரம்.

23, செவ்வாய்
கண்டபடியே செய்தேன். சுருண்டு வராத அலை. கறுப்பு. தரையே எழும்பி வந்த மாதிரி. எனக்கு இடுப்பு, பிள்ளைக்குக் கழுத்து. கடலோரச் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் அன்று அவ்வளவுதான் வந்தது. இழுவைதான் பொல்லாதது.
மதுவின் தாய் வசந்தாவுக்கு ஆறு வருசமாக வேறு கதை. அவள் அன்று கடலுக்குத் தூர வெல்லாவெளியில், தமக்கை வீட்டில். தென்னை உயரத்துக்கு வந்தது, என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனது என்றேன். நம்பினாள். பெண்சாதியிடம் பொய் சொல்லிச் சோறு தின்கிற சீவியம், தூ.

24, புதன்
சந்தியில் ஆமிக்காரரின் சென்ட்ரிக் காவலரணைக் கழற்றிவிட்டார்கள். சண்டை முடிந்து ஒன்றரை வருசம், இப்போதுதான் மனம் வந்திருக்கிறது. அந்த இடத்தில் போன் விளம்பரம்.
சென்னை மேற்பார்வையாளன் போன் எடுத்தான். சின்னப் பெடியன். "இடுப்பளவு தண்ணில யார் சார் சாவாங்க?"
நீலம் வேண்டுமாம். தென்னைக்கு மேலே வேண்டுமாம். பொம்மை ஏன் குள்ளம் என்றும் கேட்டான். பிழை என்றேன். வாய்க்குள் வந்த தூஷணத்தை விழுங்கினேன்.
மத்தியானம் மீன் குழம்பு. வெறும் சோற்றைத் தின்று எழும்பினேன்.

25, வியாழன்
மூன்றடித் தண்ணீரை நாற்பது அடி ஆக்க ஒரு எண்ணை மாற்றினால் போதும். நுரையை அள்ளிப் போட்டேன். கணினி படத்தை வரைந்து முடிக்கிற ரெண்டர் நாள் முழுக்க ஓடியது. பொய் சொல்ல எனக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

26, வெள்ளி
காலையில் பதில் வந்தது. இப்போதுதான் நம்புகிற மாதிரி இருக்கிறதாம்.
நான் குளிக்கப் போன நேரம் வசந்தா தேத்தண்ணி கொண்டு வந்திருக்கிறாள். திரையில் பழைய அலையும் புது அலையும் பக்கத்தில் பக்கத்தில். மூடிவிட்டுப் போகாத மடையன் நான். துவாயோடு வந்து நின்றேன்.
பழையதைத் தொட்டாள். மதுவின் உயரப் பொம்மைக்குக் கழுத்தளவு தண்ணீர்.
"அண்டைக்கு இதுதானே வந்த?"
இது படம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓம் என்றேன்.
கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கத்தவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.
"ஒரு கையில பிள்ள. மத்தக் கையில என்ன வச்சிருந்த நீங்க?"
கமரா. அப்போது கலியாண வீடியோ எடுத்துத்தானே பிழைப்பு. நனையக் கூடாதென்று தலைக்கு மேலே பிடித்திருந்தேன்.