ஒட்டாத நோய்க்காக ஒதுக்கப்பட்ட அம்மாவுக்கு

என் பிரியமுள்ள அம்மா,

உன் தோலுக்குள் என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கோலாலம்பூரில் தோல் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். உனக்கு வந்தது சொரியாசிஸ். அது தொற்று நோய் இல்லை, அம்மா! நம்மைக் காக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் எதிரியே இல்லாத இடத்தில் சண்டையைத் தொடங்கிவிடுகின்றன. அவை சுரக்கும் சைட்டோகைன் என்ற புரதங்கள் தோல் செல்களை விரட்டுகின்றன. ஒரு மாதம் போல எடுத்து மேலே வர வேண்டியவை, முதிராமலே சில நாட்களில் வந்து குவிகின்றன. உன் முழங்கையில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது அதுதான். அது எப்படி இன்னொருவருக்கு ஒட்டும்?

தாய்மார் வேலைக்குப் போனதும் பிள்ளைகளை விட்டுச்செல்லும் எஸ்டேட் ஆயாக் கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இடுப்பில் சுமந்தவள் நீ. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் எட்ட நின்றே பார்த்துவிட்டு, "இது ஒட்டும் லா. இனிமே பிள்ளைங்களத் தொடாத" என்றார். உடனே உன்னைக் களைக்கொல்லி அடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வெடித்த தோலுக்கு விஷத் தண்ணீர்! யாராவது ஏனென்று கேட்டார்களா?

ஒருநாள் வேலை முடிந்து வந்த உன்னிடம் ஒரு குழந்தை ஓடிவந்தது. அதன் தாய் பறித்துத் தூக்கினாள். "சரி தாயி, கொண்டு போ" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

உடம்பு முழுக்கச் சிவந்து, காய்ச்சலோடு கிடந்த உன்னை மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "ஒட்டும்னு யாரும்மா சொன்னது?" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார். அதற்குள் புண் வழியே கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. நீ வீடு திரும்பவில்லை.

போன வாரம் அந்த டிரஸ்ஸரைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று, மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே, அங்கிள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே."

காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். குடிக்க முடியவில்லை, அம்மா.

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் பேக்டரி வேலை செய்யும், நம் எஸ்டேட் பெண் மல்லிகாவுக்கும் இதே நோய். ஒட்டும் என்று பயந்து பேக்டரி ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். "நான் எங்கக்கா போவேன்?" என்று போனில் அழுதாள். நாளைக் காலையில் அவளோடு மேனேஜர் முன்னால் போய் நிற்கப்போகிறேன். பேசி முடிக்கும்வரை அவள் கையை விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வயிற்றில் பிறந்த,
கமலா