நாற்பத்தொரு 'கூட'

ஜூலை 8, செவ்வாய்

ஒத்தக்கடை பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. அப்போதே நினைத்தேன், இன்றைக்கு ஏதோ நல்லது நடக்கும் என்று. நடந்தது. இருபத்திரண்டு வருடமாக நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தருகிற ஸ்யாமளா டீச்சருக்கு இன்றுதான் மூளை வேலை செய்தது!

வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். கணக்கை வேகமாகப் போடுகிறவர்கள், நடுவில் இருப்பவர்கள், தடுமாறுகிறவர்கள் என்று மூன்று வரிசையாக உட்காரவைத்தால்தான் எனக்குப் பாடம் நடத்த முடிகிறது. ஆனால் ஒரு பிள்ளை கூட மனம் நோகக்கூடாது பாருங்கள். அதனால் வரிசைகளுக்குப் பூப்பெயர் வைத்துவிட்டேன். மல்லி, முல்லை, கனகாம்பரம். கலர் சார்ட் எழுதி, லேமினேஷன் போட்டு, சுவரில் ஒட்டியாயிற்று. ஹெட்மாஸ்டர் இம்மானுவேல் சார் கூட எட்டிப் பார்த்து, "பிரமாதம் டீச்சர்" என்றார். அதோடு விட்டாரா? ஆகஸ்ட் கடைசியில் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு கூட்டம். அதில் 'எல்லாப் பிள்ளைக்கும் கணக்கு' என்ற தலைப்பில் நான் பேச வேண்டுமாம்.

நான்! பத்தாவதில் கணக்கில் முப்பத்தாறு வாங்கிய நான். நல்லவேளை, அந்த மார்க் ஷீட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

கனகாம்பரத்துக்கு வாசம் கிடையாது.

மதுரையில் பிறந்து, மதுரையில் பூ வைத்து, மதுரையிலேயே நரைத்தும் போன எனக்கு இது தோன்றவில்லை. மூன்றாவது வரிசை வர்ஷினிக்குத் தோன்றியிருக்கிறது. அவள் அம்மா பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டி விற்கிறவர். "டீச்சர், எங்கம்மா சொல்லுச்சு, கனகாம்பரம் சும்மா கலருக்குத்தானாம். கூட நாலு மல்லியச் சேத்துக் கட்டுனாத்தான் மணக்குமாம்" என்றாள். உடனே முதல் வரிசை ஜெயந்த் எழுந்து, மூன்றாவது வரிசைப் பக்கம் மூக்கை நீட்டி மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

வகுப்பே சிரித்தது. மூன்றாவது வரிசையும் சேர்ந்து சிரித்தது, அதுதான் தாங்கவில்லை. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நிலோபர். இந்த வருடம் புதிதாக வந்த பிள்ளை, வாயைத் திறக்காத பிள்ளை.

பெயரை மாற்றலாமா? எந்தப் பூவை வைத்தாலும் மூன்றாவது வரிசை மூன்றாவது வரிசைதானே. அதோடு லேமினேஷன் வேறு போட்டாயிற்று.

ஜூலை 14, திங்கள்

நிலோபரின் வலது கை எப்போதும் பெஞ்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ஏதோ தின்கிறாள் என்று நினைத்துத் திடீரென்று போய்ப் பிடித்தேன். கையில் ஒன்றுமில்லை. பெருவிரல் மட்டும் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏழும் எட்டும் எவ்வளவு, சொல்லு" என்றேன். கை இன்னும் என் கையில்தான் இருந்தது. வாயே திறக்கவில்லை.

"நாலாவது வந்தும் விரல் விடுறியா? இது கூடத் தெரியாதா?"

போர்டின் மூலையில் கட்டம் கட்டி எழுதினேன்: விரலை விடாதே. ரொம்ப கம்பீரமாக இருந்தது.

மாலையில் சிம்மக்கல் பக்கம் கத்தரிக்காய் வாங்கும்போது, ஆடி அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கடைக்காரம்மா கேட்டார். நான் விரலை விட்டு எண்ணித்தான் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

நிலோபருக்கு வயிற்றுவலி. போன வாரம் மூன்று நாள், இந்த வாரம் இரண்டு நாள். எல்லாம் சரியாக மூன்றாவது பீரியடில். நாலாவது பீரியடில் சரியாகிவிடுகிறது.

மூன்றாவது பீரியட் கணக்கு. அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கு டைம் டேபிள் மனப்பாடம் போல.

சிரிப்புக்காக எழுதினேன். சிரிப்பு வரவில்லை.

ஜூலை 30, புதன்

நிலோபரின் அம்மா சபியா வந்திருந்தார். டி.சி. கேட்டு.

"மேலூர்ல எங்க அக்கா வீட்ல விட்டுப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம் டீச்சர். துணிமணியெல்லாம் போன வாரமே கொண்டுபோய் வச்சாச்சு. கணக்குன்னா பிள்ளைக்குக் காலையில சோறே இறங்க மாட்டேங்குது."

ஒன்பது வயதுப் பிள்ளை. என் கணக்குப் பாடத்துக்குப் பயந்து அம்மாவைவிட்டுப் போகப்போகிறதா? நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டேன். கேட்கும்போது, 'ஒன்றுமில்லை' என்று சொல்வார் என்ற நப்பாசைதான்.

"ஐயோ, உங்களச் சொல்லல. நீங்க நல்லாத்தான் சொல்லித்தாரீங்க. அவளுக்குத்தான் ஏறல. வீட்டுக்கு வந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுவா. இன்னைக்கு டீச்சர் எம்புட்டு 'கூட' சொன்னாங்கன்னு."

"என்ன கூட?"

"அதான் டீச்சர்..." அவருக்குச் சங்கடமாகிவிட்டது. முந்தானையைத் திருகினார். "இது கூடத் தெரியாதா, இம்புட்டு கூட வராதா, ரெண்டாங்கிளாஸ் பிள்ளை கூடப் போட்டுரும்... நேத்து நாப்பத்தொண்ணாம். பள்ளிக்கூடம்னு சொல்றதெல்லாம் சேத்துக்கிட்டியாடின்னு கேட்டேன். சேச்சே, அது வேற கூடம்மான்னுட்டா."

நேர்மையான பிள்ளை.

எழுதிவைக்காமல் எப்படி நாற்பத்தொன்று வரை எண்ணினாள் என்று கேட்டேன். சபியா கையை விரித்துக் காட்டினார். தொழுகை முடிந்து தஸ்பீஹ் ஓதுகிறபோது எண்ணுவார்களாம். ஒரு விரலுக்கு மூன்று கோடு, ஐந்து விரலுக்குப் பதினைந்து. ஒரு கை முடிந்தால் இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொள்ள வேண்டியது. நாற்பத்தொன்று என்றால் இரண்டு விரல் மடக்கி, மேலே பதினொன்று. அந்தக் கைதான் பெஞ்சுக்கு அடியில் இருந்திருக்கிறது.

ஏழும் எட்டும் பதினைந்து. அவளுக்கு அது முழுசாக ஒரு கை. கேள்வி கேட்டபோது அந்தக் கையைத்தான் நான் பிடித்து வைத்திருந்தேன். அவள் எங்கே போய் எண்ணுவாள்?

ஆகஸ்ட் பதினெட்டு வரை டைம் கேட்டேன். "நீங்க கேட்டு எப்படி டீச்சர் மாட்டேம்பேன்? வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 31, வியாழன்

என் 'கூட'வை நானே எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மத்தியானத்துக்குள் பத்தொன்பது. அதற்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. நாலாம் வகுப்புப் பிள்ளை செய்கிறதை என்னால் அரைநாள் கூட—

பார். இங்கேயும் வந்துவிட்டது.

இந்த நோட்டைப் புரட்டினேன். எட்டாம் தேதிப் பக்கத்திலேயே இரண்டு இருக்கிறது, அதுவும் ஒரு பிள்ளை கூட மனம் நோகக்கூடாதாம். தூ!

ஆகஸ்ட் 4, திங்கள்

சார்ட்டைக் கிழிக்க முயன்றேன். லேமினேஷன் கிழியவில்லை. பிள்ளைகள் முன்னால் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் சுருட்டி வகுப்பறை பீரோவுக்கு மேலே போட்டேன். போர்டில் இருந்த 'விரலை விடாதே'யை அழித்தேன். வரிசை கிடையாது, யாரும் எங்கும் உட்காரலாம் என்றேன். பத்து நிமிடம் சந்தைக்கடை.

பிறகு கேட்டேன்: "நீங்கல்லாம் எப்படி எண்ணுவீங்க? எனக்குச் சொல்லித்தாங்க."

வர்ஷினி நாலு நாலாக எண்ணுவாளாம். பூக்கட்டும்போது அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு வைத்து ஒரு முடிச்சு. "கனகாம்பரமா இருந்தாலும் நாலுதான் டீச்சர்" என்று வேறு சொன்னாள். எனக்குத் தேவைதான். திருவாதவூரிலிருந்து வருகிற நல்லகாமன் இரண்டிரண்டாக. "ஆடு ஒத்தையா நிக்காது டீச்சர், சோடியாத்தேன் எண்ணணும்." ஜெயந்த், "நான் சும்மா சொல்லுவேன், மனப்பாடம்" என்றான். அவனுக்கு ஏழோடு எட்டு பதினைந்து என்று தெரியும். ஏன் பதினைந்து என்று கேட்டால் முழிக்கிறான். முதல் வரிசையில் இருந்ததால் இத்தனை நாள் அவனை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த யாரும் நான்தான்.

"நீங்க எப்படி டீச்சர்?" என்று வர்ஷினி கேட்டுவிட்டாள்.

மாட்டிக்கொண்டேன். ஏழோடு ஏழைக் கூட்டி, பதினாலு என்று வைத்துக்கொண்டு, அப்புறம் ஒன்று போடுவேன், இப்போதும் அப்படித்தான் என்று சொன்னேன். சொன்ன வேகத்தில் முப்பத்தாறு மார்க்கையும் சொல்லித் தொலைத்தேன். வகுப்பில் அப்படி ஒரு சந்தோஷம்! நல்லகாமன், "பரவால்ல டீச்சர், பாஸ்தான" என்று ஆறுதல் சொன்னான்.

நிலோபர் பேசவில்லை. ஆனால் கை பெஞ்சுக்கு மேலே இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

சொதப்பல். 'கூட'வுக்குப் பதில் எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' சொன்னேன். நிலோபர் தேதி எழுதியதற்கெல்லாம் "சூப்பர்டா". அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. மூன்றாவது பீரியடில் மறுபடி வயிற்றுவலி.

வீட்டில் இவரிடம் சொல்லிப் புலம்பினேன். "கருகின தோசையை நான் சூப்பர்னு சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

தோசை கருகியதை இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

போர்டில் 75 + 30 என்று எழுதிவிட்டு, விடையை அவரவர் வழியில் கண்டுபிடிக்கச் சொன்னேன். வாத்தியார் வேலை பார்க்காமல் சும்மா சன்னல் ஓரம் நின்றேன். ஒரு சத்தம் கேட்டது. நிலோபர்.

"ஏழு கை."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது: 'கைன்னு கேட்டேனா, கேள்வி கூடப் புரியலையா?' பல்லைக் கடித்தேன். நிஜமாகவே நாக்கைக் கடித்துக்கொண்டேன், இன்னும் எரிகிறது. "எப்படிம்மா ஏழு கை? வந்து காட்டுறியா?" என்றேன்.

வருவாள் என்று நான் நம்பவில்லை. வந்தாள். முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு போர்டில் ஐந்து கை வரைந்தாள், கை ஒவ்வொன்றிலும் 15. "எழுவத்தஞ்சுக்கு அஞ்சு கை." பக்கத்தில் இன்னும் இரண்டு கை. "முப்பதுக்கு ரெண்டு. ஏழு கை. நூத்தஞ்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயந்த் தன் விரல் கோடுகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தான், பெருவிரலில் தகராறு. அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான்.

"நிலோபர், நான் உன் கூட உக்காரவா? எனக்கு இந்த விரல் வரமாட்டேங்குது."

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் அவள் பெருவிரலையே பார்த்தேன். அது அசையவில்லை. இந்தக் 'கூட'வை அவள் எண்ணவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். போர்டைத் துடைப்பது ஈரத்துணியால்தானே, தூசி எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. பெருந்தன்மையான பிள்ளைகள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நிலோபர் வரவில்லை. சபியாவின் போன் எடுக்கவில்லை. இம்மானுவேல் சார் டி.சி. எழுதி, கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார். "வந்தா குடுத்துருவோம் டீச்சர்" என்றார்.

ஒரு நல்ல நாளை வைத்துக்கொண்டு நான்பாட்டுக்கு என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் மணி அடிக்கும் முன்னே நிலோபர் வந்து ஜெயந்துக்கும் வர்ஷினிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நேற்று எங்கே போனாய் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று.

"மேலூருக்கு டீச்சர். பெரியம்மா வீட்ல என் துணிமணியெல்லாம் இருந்துச்சுல்ல. அதெல்லாம் எடுத்துட்டு வந்துட்டோம்."

நோட்டைத் திறந்து தேதி எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் சூப்பர் என்று சொல்லவில்லை.

டி.சி.யை இம்மானுவேல் சார் கிழித்தார். அது ஒரே இழுப்பில் கிழிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கூட்டத்தில் பேசினேன். நாலு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன், 'ஒருங்கிணைந்த', 'ஊக்குவிப்பு' என்றெல்லாம். மேடையேறியதும் கண்ணாடியைக் கைப்பையில் விட்டுவிட்டது தெரிந்தது. வேறு வழியில்லாமல் கனகாம்பரக் கதையைச் சொன்னேன், நாற்பத்தொன்றையும் சொன்னேன். முப்பத்தாறைச் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் நாலாம் வகுப்புக்கு முன்னால்தான் வருகிறது.

இறங்கியதும் ஒரு டீச்சர் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்: "மேடம், எங்க கிளாஸ்ல தங்கம், வெள்ளி, பித்தளைன்னு வச்சிருக்கேன். அது பரவாயில்லையா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

கடன் வாங்கிக் கழித்தல். நல்லகாமன் ஒரே தப்பை நாலு தடவை செய்தான். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆட்டைப் பட்டியிலிருந்து அவிழ்த்து, திரும்பக் கட்டி, ஒருவழியாக அவனுக்கும் எனக்கும் புரிந்தது. எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை, இரண்டு பிள்ளைகள் தூக்கிவிட்டார்கள்.

மணி அடித்ததும் நிலோபர் என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு எம்புட்டு தெரியுமா?"

இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாளா! காலையிலிருந்து பேசியதையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "ஒரு பத்து இருக்குமா?" என்றேன்.

"ஒண்ணு கூட இல்ல டீச்சர்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கண் விரிந்தது. பெருவிரல் மெதுவாகப் போய்ச் சுண்டுவிரலின் முதல் கோட்டில் உட்கார்ந்தது.

"அய்யய்யோ, நானே சொல்லிட்டேன். இத யார் கணக்குல டீச்சர் வைக்க?"

"என் கணக்குலயே வையி" என்றேன்.